நாற்பத்தேழாம் கேலக்சி

அந்தப் படம் தபால்தலை அளவுதான் இருக்கும். சாம்பல் நிறத்தில் மணலைத் தூவியதுபோல் பின்னணி; கருவி உண்டாக்கும் அந்தப் பொடிப்புள்ளிகளை நாய்ஸ் என்போம். நடுவில் இரண்டு வெளிச்சப் பொட்டுகள். ஒன்று பெரியது, ஒன்று சிறியது. இரண்டுக்கும் இடையில் ஒரு மங்கல். அந்த மங்கல் நிஜமா, என் கண் உண்டாக்கியதா என்பதுதான் கேள்வி. எங்கள் பட்டியலில் அதற்கு எண் நாற்பத்தேழு. என் முனைவர் பட்டம் அதில் போயிருக்க வேண்டியது.

வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். பாடப்புத்தகம் விண்மீன் திரள் என்று சொல்வதை நாங்கள் கேலக்சி என்றே சொன்னோம். இங்கும் அப்படியே எழுதுகிறேன். கோடி கோடியாக நட்சத்திரங்கள் சேர்ந்தது ஒரு கேலக்சி. நூற்றுக்கணக்கான கேலக்சிகள் ஒன்றின் ஈர்ப்பில் ஒன்று மாட்டிக்கொண்டு ஓரிடத்தில் கிடந்தால் அது கொத்து. நாங்கள் பார்த்த கொத்து மிகத் தொலைவில் இருக்கிறது. அதிலிருந்து ஒளி கிளம்பியபோது பூமி இல்லை. சூரியனும் இல்லை. அந்த ஒளியை விண்வெளியில் சுற்றும் ஒரு தொலைநோக்கி பிடித்து வைத்திருக்கிறது. படங்கள் பொதுவில் கிடைக்கும். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம்.

வானியல் என்றால் ராத்திரி முழித்துக் கிடக்கும் வேலை என்று சொந்தக்காரர்கள் இன்னும் நினைக்கிறார்கள். நான் ஒரு ராத்திரிகூட முழிக்கவில்லை. காலையில் வகுப்பெடுப்பேன். மதியம் ஒரு மணிக்கு மேல் இயற்பியல் ஆய்வகத்துக்குப் பின்னால் உள்ள சின்ன அறைக்குப் போவேன். இரண்டு கணினி, ஒரு மேசை, ஓடும்போது தலையை ஆட்டும் ஒரு மின்விசிறி. உடைந்த கால்வனாமீட்டர்கள் ஒரு அலமாரி நிறைய. வெயில் திரையில் விழாமலிருக்க சன்னலில் பழைய வினாத்தாள்களை ஒட்டியிருந்தோம். ஐந்து மணிக்கு ஆனையூர் பஸ். இவ்வளவுதான் என் வானியல்.

கேலக்சிகள் இணையும். இணையும்போது வடிவம் கெடும். நட்சத்திரங்கள் வால் மாதிரி வெளியே இழுபடும். சிலவற்றில் நடுவே இரண்டு மையங்கள் தெரியும். சிலவற்றில் ஒரு பக்கம் வீங்கியிருக்கும். இந்த அடையாளங்களைப் படத்தில் தேடி, இணைகிறது, இணையவில்லை, சொல்ல முடியாது என்று மூன்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும். கணினியை வைத்தும் செய்து பார்த்தோம். தெளிவான படத்தில் அது சரியாகச் சொல்லும். மங்கலான படத்தில் உளறும். எங்களிடம் இருந்ததெல்லாம் மங்கல். அதனால் கண்ணால் பார்ப்பது என்று முடிவானது.

என் நெறியாளர் ஒரே ஒரு விதி வைத்தார்.

"மூணு பேரும் தனித்தனியாப் பார்க்கணும். பேசிக்கக் கூடாது. மூணுல ரெண்டு பேரு ஒண்ணையே சொன்னா அதை எடுத்துக்குவோம்."

மூன்று பேர் என்றால் அவர், நான், இன்னொரு ஆராய்ச்சி மாணவி. அவள் என்னைவிட ஏழு வயது இளையவள். முழுநேர ஆய்வாளர். வீட்டில் சௌராஷ்டிர மொழி பேசுவார்கள். அப்பாவுக்குக் கீழவாசல் பக்கம் ஜவுளிக்கடை. மதியம் அவள் அம்மா போன் செய்வார். அந்த மொழியில் பேசும்போது அவள் வேறு ஆளாகிவிடுவாள். வேகமாகப் பேசுவாள், இடையில் வெட்டுவாள், அதட்டுவாள். எனக்கு ஒரு வார்த்தை புரியாது, ஆனால் சண்டை என்று மட்டும் தெரியும். போனை வைத்ததும், "என்னக்கா, டீ சொல்லட்டுமா?" என்று என்னிடம் கேட்கும்போது குரல் பாதியாகிவிடும். அதைப் பற்றி நான் அப்போது யோசிக்கவில்லை.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் சத்தம் போட்டுப் பேசுகிறவள். அப்பா காலம்வரை எங்கள் குடும்பம் பரவையைத் தாண்டி அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்தது. இப்போது அண்ணன் சொந்த நிலத்தில் வாழை போட்டிருக்கிறார். நடுவில் நடந்தது எல்லாம் சத்தம் போட்டு வாங்கியது. பட்டாவுக்குச் சத்தம். தண்ணீர் முறைக்குச் சத்தம். கல்லூரியில் இடம் கிடைத்த பிறகு விடுதியில் தட்டு வாங்கக்கூடச் சத்தம். மெதுவாகக் கேட்டு எங்களுக்கு எதுவும் கிடைத்ததில்லை. அதனால் வெட்கப்படவும் இல்லை, பெருமைப்படவும் இல்லை. பழக்கமாகிவிட்டது, அவ்வளவுதான்.

கேலக்சி இணைவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் அபத்தமாகப் பேசுகிறார்கள். துறை விழா ஒன்றில் தலைமை தாங்க வந்தவர், "இரண்டு விண்மீன் திரள்கள் இணைவது திருமணம் போன்றது" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நன்றியுரை என்னுடையது. மைக்கைப் பிடித்து அது திருமணம் இல்லை என்று சொன்னேன். பெரியது சின்னதைக் கிழித்து எடுத்துக்கொள்ளும். நட்சத்திரங்கள் ஒன்றோடொன்று மோதுவதுகூட இல்லை, அவற்றுக்கு நடுவில் அவ்வளவு இடம் இருக்கிறது. வாயு மேகங்கள்தான் மோதும். மோதி அழுந்தி ஒரே நேரத்தில் ஏராளமான புது நட்சத்திரங்கள் பிறக்கும். பிறகு வாயு தீர்ந்துவிடும். புதிதாக ஒன்றும் பிறக்காது. இருக்கிற நட்சத்திரங்கள் மூத்து, மொத்தமும் சிவந்து, உருண்டையாக ஒரு பழைய கேலக்சி மிஞ்சும். இன்று நம் அருகில் உள்ள பெரிய கொத்துகளின் நடுவில் அப்படிப்பட்டவைதான் உட்கார்ந்திருக்கின்றன. இதைச் சொல்லிவிட்டு நன்றியும் சொன்னேன். யாரும் கை தட்டவில்லை.

அந்தப் பழைய சிவப்புக் கேலக்சிகள் எப்போது, எங்கே இணைந்து உருவாயின என்பதுதான் என் ஆய்வு. அருகில் உள்ள கொத்துகளில் பார்த்தால் இப்போது இணைவு அதிகம் நடப்பதில்லை. கூட்டம் அதிகம், ஆனால் வேகமும் அதிகம். இதற்கு மட்டும் ஒரு உவமை வைத்துக்கொள்வேன். காளவாசல் சிக்னலில் வண்டிகள் ஊர்ந்து போகும்போது ஹேண்டில்பார் ஹேண்டில்பாரில் மாட்டும். பிரிக்க இரண்டு பேர் இறங்க வேண்டும். அதே வண்டிகள் சுற்றுச்சாலையில் பறக்கும்போது உரசுவதற்குள் கடந்துவிடும். ஒரு முழுக் கொத்துக்குள் கேலக்சிகள் சுற்றுச்சாலை வேகத்தில் போகின்றன. ஆனால் கொத்து உருவாகிக்கொண்டிருந்த பழைய காலத்தில், சின்னச் சின்னக் கும்பல்கள் மெதுவாக உள்ளே வந்துகொண்டிருந்தபோது, மாட்டியிருக்கும். அப்படியானால் மிகத் தொலைவில் உள்ள, அதாவது மிகப் பழைய, கொத்தில் இணைவுகள் வெளியே இருப்பதைவிட அதிகமாக இருக்க வேண்டும். அது எங்கள் கொத்தில் தெரிகிறதா? மூன்றாம் அத்தியாயம் முழுக்க இந்தக் கேள்விதான். மற்ற அத்தியாயங்கள் அதற்கு முன்னுரையும் பின்னுரையும்.

எனக்கு நேரமும் இல்லை. பகுதிநேரப் பதிவு. கொடுக்கிற கால நீட்டிப்பு எல்லாம் கொடுத்து முடித்துவிட்டார்கள். அந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும். இல்லையென்றால் பதிவு ரத்து. அத்தனை வருட மதியங்களும் ஒன்றுமில்லாமல் போகும்.

கொத்தில் இருக்கும் கேலக்சிகளையும், கொத்துக்கு வெளியே அதே தொலைவில் இருப்பவற்றையும் கலந்து வைத்துக்கொண்டு பார்த்தோம். நெறியாளர் கல்லூரித் தரமதிப்பீட்டு வேலையில் மாட்டிக்கொண்டதால் அவர் பங்கு தள்ளிக்கொண்டே போனது. நானும் அவளும் முடித்துவிட்டோம். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பாதிக்குப் பாதி ஒத்துப்போகவில்லை. நான் இணைகிறது என்றதை அவள் இல்லை என்றிருந்தாள். பல இடங்களில் சொல்ல முடியாது என்று போட்டிருந்தாள்.

அப்படியே விட்டிருக்க வேண்டும். ஒத்துப்போகாததும் ஒரு அளவுதான், படம் எவ்வளவு மங்கல் என்பதை அது சொல்லும். எனக்கு எரிச்சல் வந்தது. நாற்காலியை அவள் மேசைக்கு இழுத்துப் போட்டேன்.

நாற்பத்தேழு வந்தது.

"இதுக்கு என்ன போட்டிருக்க?" என்றேன்.

"இணையலன்னு போட்டிருக்கேன்க்கா."

"வாலு தெரியலையா?"

"எங்கக்கா?"

பேனா முனையைத் திரையில் வைத்துக் காட்டினேன். அவள் கண்ணாடியைக் கழற்றி, துப்பட்டாவில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"அது நாய்ஸ் மாதிரில்ல இருக்கு."

"இம்புட்டு நீளத்துக்கா நாய்ஸ் வரும்? எத்தனை வருசமா இந்தப் பொழப்புப் பாக்குறேன், எனக்குத் தெரியாதா?"

"இல்லக்கா, ஒண்ணு முன்னாடி ஒண்ணு பின்னாடி இருந்தாக்கூட இப்படித்தான..."

"அப்ப நீயே போயி அளந்துட்டு வா."

இதுதான் நான் சொன்ன நியாயம். இரண்டும் ஒரே தொலைவில் இருக்கின்றனவா என்று தெரிய ஒளியைப் பிரித்து அளக்க வேண்டும். நாற்பத்தேழுக்கு நிறத்தை வைத்துப் போட்ட தோராயத் தொலைவுதான் உண்டு, அந்த அளவீடு கிடையாது. அவள் எங்கேயும் போய் அளந்து வர முடியாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

டீ கொண்டுவந்த ஆய்வக உதவியாளர் அண்ணன் பின்னால் நின்று திரையைப் பார்த்தார்.

"என்னம்மா, ரேசன் கார்டுல பேரு சேக்குற மாதிரி சண்ட போடுறீங்க? ஒரே கார்டா, தனித்தனிக் கார்டான்னு சட்டுனு சொல்லி விடுங்க. டீ ஆறுது."

"அண்ணே, நீங்க சொல்லுங்க. ரெண்டும் ஒட்டியிருக்கா இல்லையா?"

"எனக்கு ரெண்டும் எறும்பு மாதிரித் தெரியுது. நான் வாரேன்," என்று டம்ளரை வைத்துவிட்டுப் போனார்.

அவள் டீயைக் குடித்தாள். பிறகு சொன்னாள். "சரிக்கா. இணையுதுன்னே போடுறேன்."

நாற்பத்தேழுக்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஒத்துவராத ஒவ்வொன்றையும் சேர்ந்து பார்த்தோம். சிலவற்றில் நானும் விட்டுக்கொடுத்தேன். சின்னது, மங்கலானது, எனக்கு அக்கறை இல்லாதது. கொத்துக்குள் இருக்கும் பெரியவற்றில் விடவில்லை. எது கொத்துக்குள் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். ஆனால் பட்டியலை உண்டாக்கியதே நான்தான். எண்களில் பாதி மனப்பாடம். நான்கு மதியங்களில் முடித்தோம். இரண்டு பட்டியலும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டன. மூன்றில் இரண்டு ஓட்டு வந்துவிட்டதால் நெறியாளர் ஓட்டு எதையும் மாற்றவில்லை.

"நல்லா ஒத்துப்போகுதே," என்றார் அவர். சந்தோஷமாகத்தான் சொன்னார்.

கொத்துக்குள் இணைவுகள் வெளியே இருப்பதைவிட மிக அதிகம் என்று வந்தது. நான் எதிர்பார்த்தது. அத்தியாயத்தை எழுதினேன். வரைபடத்தில் இரண்டு பட்டைகள், ஒன்று உயரம், ஒன்று குட்டை. பார்க்க நன்றாக இருந்தது.

ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் ஆய்வுக்குழுக் கூட்டம் ஒன்று உண்டு. வேறு ஊர்க் கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியை உறுப்பினராக வந்தார். அந்த வரைபடத்தை அவர் பார்க்கவே இல்லை. அதற்கு முந்தைய பக்கத்தில் இருந்த சின்ன அட்டவணையைப் பார்த்தார். இரண்டு பேர் எவ்வளவு ஒத்துப்போனார்கள் என்ற அட்டவணை.

"இவ்வளவு மங்கலான படத்துல ரெண்டு பேரு இவ்வளவு ஒத்துப்போக முடியாதேம்மா," என்றார். "நானே ஒரே படத்தை திங்கக்கிழமை ஒண்ணு சொல்வேன், வெள்ளிக்கிழமை ஒண்ணு சொல்வேன். போலிகள வச்சுச் சோதிச்சீங்களா?"

சோதிக்கவில்லை. சோதித்துவிட்டு வாருங்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். எனக்கு அவர் மீது வந்த கோபத்தை இங்கே எழுத அவசியமில்லை.

போலி என்பது இப்படி. நம் அருகில் உள்ள கேலக்சிகளின் தெளிவான படங்களை எடுத்துக்கொள்ள வேண்டும். அவற்றில் எது இணைகிறது, எது இல்லை என்பது சந்தேகமில்லாமல் தெரியும். அவற்றை அந்தப் பெரும் தொலைவுக்குத் தள்ளி வைத்தால் எப்படித் தெரியுமோ அப்படிச் சிறியதாக்கி, மங்கலாக்கி, நிஜப் படத்தின் மணலைத் தூவி, மற்ற படங்களோடு கலந்துவிட வேண்டும். தொலைவு கூடக்கூட மங்கலான பகுதிகள்தான் முதலில் காணாமல் போகும். வால், வீக்கம், எல்லாம் போய் நடுப் பொட்டு மட்டும் மிஞ்சும். பார்க்கிறவருக்கு எது போலி என்று தெரியக் கூடாது. நெறியாளரே உட்கார்ந்து கலந்தார். எண்களையும் மாற்றிவிட்டார். ஆளுக்கொரு பென் டிரைவில் கொடுத்து வீட்டில் வைத்துப் பார்க்கச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஆனையூரில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டில் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு படமும் எனக்குத் தெளிவாகத்தான் இருந்தது. தயங்கவே இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிட்டேன்.

திங்கட்கிழமை நெறியாளர் விடையைத் திறந்தார். இணையாத போலிகளில் பாதிக்கு மேல் நான் இணைகிறது என்று போட்டிருந்தேன். ஒன்றுமே இல்லாத இடத்தில் வால் பார்த்திருக்கிறேன். அவள் அப்படிப் போடவில்லை. ஆனால் நிஜமாகவே இணைந்துகொண்டிருந்த போலிகளில் பலவற்றுக்கு அவள் சொல்ல முடியாது என்று போட்டிருந்தாள். அது தப்பில்லை. அந்தத் தொலைவில் அது உண்மையிலேயே சொல்ல முடியாததுதான்.

நெறியாளர் சோதனை முடிவை இரண்டு முறை படித்தார். "டயம் இல்ல. இதை ஒரு பின்னிணைப்பாப் போட்டுருவோம். மெயின் சாப்டர்ல கை வைக்க வேண்டாம்," என்றார். கெட்டவர் இல்லை. என் பதிவு முடியப்போகிறது என்பது அவருக்கும் தெரியும். இதுபோல் பின்னிணைப்புக்குள் போய்ப் புதைந்த சோதனைகள் எத்தனையோ இருக்கும்.

நான் பின் அறைக்குப் போனேன். அவள் கணினியை அப்போதுதான் போட்டிருந்தாள்.

"தனியாப் பாத்தா இம்புட்டுச் சரியாப் போடுறவ, அன்னைக்கு ஏன் எங்கூட ஒத்துக்கிட்ட?"

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க கத்துனீங்கக்கா."

"கத்துனா? நீயும் கத்த வேண்டியதுதான. உங்க அம்மாகிட்டப் போன்ல கத்துற."

"அது அம்மா. நீங்க அக்கா," என்றாள். "அக்கான்னு கூப்பிட்டுட்டு உங்க கண்ணு தப்புன்னு எப்படிக்கா சொல்றது? ரெண்டு தரம் சொல்லிப் பாத்தேன். போயி அளந்துட்டு வான்னீங்க."

முதல் நாள் அவள் இந்த அறைக்கு வந்தபோது மேடம் என்றாள். அக்கான்னு கூப்பிடு, மேடம்னா எனக்குப் பிடிக்காது என்று சொன்னது நான்தான். அன்பாகத்தான் சொன்னேன். சொன்ன நாளிலிருந்து மூன்று ஓட்டு இரண்டாகிவிட்டது என்பது எனக்குத் தெரியாது.

"மொதல்ல போட்ட ஃபைல் இருக்கா?"

"இருக்குக்கா. அழிக்கல."

"ஏன் அழிக்கல?"

"அதுதான என்னோடது," என்றாள்.

பிறகு குரலைக் குறைத்து, "நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்க்கா. நீங்க தீசிஸ் குடுத்துருங்க," என்றாள்.

அவள் என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள். நாற்பத்தேழுக்கு ஒத்துக்கொண்ட அதே குரல். நான் கத்தவே இல்லை, அதற்குள் ஒத்துக்கொண்டாள். இந்த ஆய்வேடு வெளியே போனால் அதில் இருப்பது கொத்தில் என்ன நடந்தது என்பது அல்ல. இந்த அறையில் யார் குரல் பெரியது என்பதுதான். என் குரலை எதிர்த்து வாழ்நாள் பூராவும் ஆட்கள் நின்றிருக்கிறார்கள். கிராம நிர்வாக அலுவலர், வங்கி மேலாளர், விடுதிக் காப்பாளர். அவர்களிடம் கத்தியது சரி. எதிரே நிற்காதவளிடம் கத்தி வாங்கியதை என்னவென்று சொல்வது?

"ஃபைல அனுப்பு," என்றேன்.

அனுப்பினாள். அவளுடைய முதல் பட்டியல், என்னுடைய முதல் பட்டியல், நெறியாளருடையது. மூன்றையும் வைத்து மறுபடி ஓட்டு எண்ணினேன். என் கண் எவ்வளவு அதிகமாக வால் பார்க்கிறது என்பதைப் போலிகளை வைத்து அளந்து அதைக் கழித்தேன். உயரப் பட்டை இறங்கியது. குட்டைப் பட்டை அப்படியே நின்றது. கொத்துக்குள் கொஞ்சம் அதிகம்போலத் தெரிந்தது. ஆனால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிழை எல்லை விழுங்கியது. அதிகம் என்று சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது.

நெறியாளரிடம் கொண்டுபோய் வைத்தேன். "இதுல ஒண்ணுமே வரலையேம்மா," என்றார்.

"வரல சார். அதான் வந்திருக்கு."

"எழுதி முடிக்க முடியுமா?"

"முடியும்."

மூன்றாம் அத்தியாயத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எழுதினேன். விடுப்பு எடுக்க வழியில்லை. தேர்வுக் கண்காணிப்பு நாட்களில் அரங்கத்துக்குள் நடந்தபடி மனதில் வாக்கியம் கட்டி, வெளியே வந்து தட்டச்சு செய்தேன். புதிய அத்தியாயம் சொல்வது இதுதான்: இந்தத் தொலைவில், இந்தப் படங்களில், கண்ணால் பார்த்து இணைவுகளை எண்ணினால் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது. பழைய கொத்துகளில் கேலக்சிகள் எப்படி வளர்ந்தன என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. விடை என்று நான் நினைத்தது ஏன் விடை இல்லை என்று இருக்கிறது. செய்முறைப் பகுதியில் ஒரு பத்தி சேர்த்தேன். முதல் சுற்றுக்குப் பிறகு முதல் இரண்டு பார்வையாளர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசி முடிவை மாற்றினார்கள், அந்த மாற்றங்கள் முதல் பார்வையாளர் பக்கமே அதிகம் சாய்ந்தன, ஆகவே கைவிடப்பட்டன என்று. முதல் பார்வையாளர் நான்தான் என்று அடைப்புக்குறிக்குள் எழுதினேன். நெறியாளர் அதை அடித்தார். நான் மறுபடி எழுதினேன். அடுத்த பிரதியில் அவர் அடிக்கவில்லை.

கெடு முடிய மூன்று நாள் இருக்கும்போது ஒப்படைத்தேன்.

பொது வாய்மொழித் தேர்வு பல மாதம் கழித்து நடந்தது. துறையின் பெரிய வகுப்பறை. பின் வரிசையில் முதுகலை மாணவிகளை உட்கார வைத்து அறையை நிரப்பியிருந்தார்கள். மேசையில் லட்டு, மிக்சர், காப்பி பிளாஸ்க். இதெல்லாம் பட்டம் வாங்குகிறவர் ஏற்பாடு. இன்னொரு ஏற்பாடும் உண்டு. வெளியூர்த் தேர்வாளர் கேட்டு முடித்த பிறகு, பார்வையாளர்களும் கேள்வி கேட்கலாம் என்பார். அந்தக் கேள்விகள் அறிக்கையில் பதிவாகும். யாரும் கேட்காவிட்டால் அசிங்கம். அதனால் முதல் நாளே தெரிந்தவர்களிடம் சுலபமான கேள்விகளை எழுதிக் கொடுத்துவிடுவோம். எல்லாரும் செய்வது. நானும் நான்கு பேருக்குக் கொடுத்தேன். அவளுக்குக் கொடுத்தது: கொத்துகளில் வாயு இழப்பு எப்படி நட்சத்திரப் பிறப்பை நிறுத்துகிறது?

வெளியூர்த் தேர்வாளர் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டார். செய்முறைப் பத்தியில் விரலை வைத்து, "இது என்ன?" என்றார்.

"நான் கத்தினேன் சார். அவங்க ஒத்துக்கிட்டாங்க. அப்புறம் போலி வச்சுப் பாத்தப்ப தப்பு என் பக்கம்னு தெரிஞ்சது. அதனால எடுத்துட்டேன்."

பின் வரிசையில் சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை. பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டார்.

பார்வையாளர்கள் கேட்கலாம் என்றார்கள். முதல் இரண்டு பேர் நான் கொடுத்ததை அப்படியே வாசித்தார்கள். நானும் அப்படியே பதில் சொன்னேன். அவள் எழுந்தாள். கையில் என் தாள் இருந்தது. அதை அவள் பார்க்கவில்லை.

"மேடம், உங்க பட்டியல்ல நாற்பத்தேழாம் எண்ண இப்ப நீங்க என்னன்னு சொல்வீங்க?"

அக்கா என்று சொல்லவில்லை. அறையில் மற்றவர்களுக்கு அது வித்தியாசமாகத் தெரிந்திருக்காது. ஆய்வக உதவியாளர் அண்ணன் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

மடிக்கணினியில் அந்தப் படத்தைத் தேடித் திரையில் போட்டேன். இரண்டு பொட்டு. நடுவே மங்கல். உண்மையைச் சொன்னால், வால் இப்போதும் எனக்குத் தெரிந்தது.

"எனக்கு வாலு தெரியுது," என்றேன். "ஆனா ஒண்ணுமே இல்லாத படத்துலயும் எனக்கு வாலு தெரிஞ்சிருக்கு. அதனால சொல்ல முடியாதுன்னுதான் போட்டிருக்கேன்."

"எனக்கு ரெண்டும் வேற வேறன்னுதான் மேடம் தோணுது. இப்பவும்," என்றாள்.

"இருக்கலாம்."

அவள் உட்கார்ந்தாள். நான்காவது ஆளும் எழுதிக் கொடுத்ததை வாசித்து முடித்தார். நெறியாளர் அறிக்கையில் கேள்விகளை வரிசையாக எழுதினார். மூன்றாவது கேள்விக்கு நேரே அவள் பெயர், கேள்வி, அதற்குக் கீழே என் பதில்: சொல்ல முடியாது. பட்டத்துக்குப் பரிந்துரைத்து எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள்.

லட்டு முதலில் தீர்ந்தது. மிக்சர் கொஞ்சம் மிஞ்சியது. அண்ணன் அதைப் பழைய வினாத்தாளில் பொட்டலம் கட்டிக்கொண்டே அவளிடம் கேட்டார்.

"கடைசில என்னம்மா முடிவாச்சு? ஒரே கார்டா, தனித்தனியா?"

"தனித்தனிண்ணே," என்றாள் அவள், என்னைப் பார்க்காமல்.

"முடிவாகல," என்றேன் நான்.